ஒரே போலரைசர் ஷீட்டைத் திருப்பினா வெளிச்சம் அணையுது, மூணு வெச்சா திரும்ப வருது. எப்படி?

டிஸ்ப்ளே கடை (பெங்களூரு) | சனி, இரவு 10.40

வணக்கம். எஸ்.பி. ரோட்டை ஒட்டின சந்துல பதினாலு வருஷமா டிவி பேனல், மொபைல் டிஸ்ப்ளே வேலை பார்க்கிறேன். படிப்பு பிளஸ் டூவோட நின்னுபோச்சு. அதனால கணக்கு வந்தா கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க.

போன வாரம் 32 இன்ச் டிவி ஒண்ணு வந்துச்சு. ஜன்னல் வெயில் நேரா பட்டுப் பட்டு முன்பக்க போலரைசர் (ஒரு திசையில ஆடுற வெளிச்சத்தை மட்டும் விடுற ஷீட்) கருகிப் போயிருந்துச்சு. பழைய ஷீட்டைப் பிய்ச்சு, பசையைச் சுரண்டி, புதுசு ஒட்டணும். கடைப் பையன் கிருஷ்ணகிரிலேர்ந்து வந்து மூணு மாசம்தான் ஆகுது. ஜீரோ டிகிரி ஒட்ட வேண்டிய இடத்துல தொண்ணூறு ஒட்டிட்டான். ஆன் பண்ணினா படம் நெகட்டிவ் மாதிரி வருது. நியூஸ் வாசிக்கிற அம்மாவுக்கு முடியெல்லாம் வெள்ளை, பல்லு மட்டும் கறுப்பு. ஒரு ஷீட் காலி. திட்ட வாயெடுத்தேன், முதல் வருஷத்துல நானே இதே தப்பைப் பண்ணினது ஞாபகம் வந்துச்சு, விட்டுட்டேன்.

வீணான ஷீட்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, போட்டோ ஃப்ரேம் கண்ணாடித் துண்டுங்கள்ல ஒட்டி வெச்சிருக்கேன். பொண்ணு செகண்ட் பியூ (நம்ம பிளஸ் டூ) படிக்கிறா, அவ பிராக்டிகலுக்கு உதவும்னு நினைச்சேன். ராத்திரி கடையைச் சாத்திட்டு, 9 வாட் எல்இடி பல்புக்குக் கீழ ஒன்றரை அடியில என் போனை வெச்சு, லக்ஸ் (வெளிச்ச அளவு) காட்டுற ஆப்பைப் போட்டு அளந்தேன்.

ஷீட் இல்லாம 1010. ஒரு ஷீட்டை மேல வெச்சா 850. சரி, கொஞ்சம் குறையுதுன்னு பார்த்தா, அதே ஷீட்டை இருந்த இடத்துலயே சுத்தச் சுத்த 640, 430, 210ன்னு இறங்கி, கடைசில 5. ஒரே ஷீட்! பொண்ணோட புத்தகத்துல, சாதாரண வெளிச்சத்துக்கு ஒரு ஷீட் வெச்சா பாதியாகும், எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதிதான்னு போட்டிருக்கு. எனக்கு 850-உம் வருது, 5-உம் வருது.

ரெண்டாவது விஷயம்தான் தூக்கத்தைக் கெடுத்துச்சு. இதை அளக்கலை, பல்பை நேரா பார்த்தேன். ரெண்டு ஷீட்டைக் குறுக்க வெச்சா இருட்டு. அது தினம் பார்க்கிறதுதான். ஆனா அந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவது துண்டைச் சாய்வா நுழைச்சா அந்த இடம் மட்டும் வெளிச்சமாகுது! ரெண்டு பூட்டுப் போட்ட கதவு, மூணாவது பூட்டும் போட்டதும் தொறந்துக்கிட்ட மாதிரி. மறைக்கிற பொருளை இன்னும் ஒண்ணு சேர்த்தா எப்படிங்க வெளிச்சம் கூடும்?

பொண்ணைக் கேட்டேன். "மாலஸ் விதிப்பா, காஸ் ஸ்கொயர் தீட்டா"ன்னுட்டுத் தூங்கப் போயிட்டா.

---

அல்சூர் சைக்கிள் | சனி, இரவு 11.15

அண்ணே, பல்லு கறுப்பு மேட்டர்ல அரை மணி நேரம் சிரிச்சேன்.

வேலிக் கம்பி வழியா கயித்தை ஆட்டுற உதாரணம் ஸ்கூல்ல சொல்லுவாங்களே, அதுதான். கம்பி நெட்டுக்குத்தா இருந்தா மேலும் கீழும் ஆடுற அலை மட்டும் போகும். அடுத்த வேலி படுக்கையா இருந்தா அதுவும் நிக்கும். மூணாவது வேலி வெச்சா ஏன் திரும்பப் போகுதுன்னு மட்டும் கேட்காதீங்க. முதல் கேள்விக்கு, ஷீட் டூப்ளிகேட்டா இருக்கும்.

---

ஓய்வுபெற்ற லேப் அக்கா (பசவனகுடி) | ஞாயிறு, காலை 6.20

தம்பி, ஷீட் டூப்ளிகேட் இல்லை. நல்ல ஷீட். உங்கள் 850-ஐப் பார்த்தாலே தெரிகிறது. முப்பது வருஷம் கல்லூரி லேபில் இதே பரிசோதனையைப் பிள்ளைகளுக்குச் செய்ய வைத்தவள் நான்.

ஒரே ஒரு கேள்வி. உங்கள் போன் ஓஎல்இடி திரையா? வெளிச்சம் அளக்கும் சென்சார் திரைக்கு அடியில் இருக்கிறதா?

அப்படியென்றால் நீங்கள் வைத்தது ஒரு ஷீட் இல்லை, இரண்டு. யோசித்துப் பாருங்கள். பதில் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. சென்சார் ஓரத்தில் தனியாக இருக்கும் பழைய எல்சிடி போன் ஏதாவது கடையில் கிடக்குமே, அதில் மறுபடி அளந்து எழுதுங்கள். துண்டுகளின் இரு பக்கத்திலும் இருந்த பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இரண்டு ஷீட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் வண்ணக்கோலம் காட்டி அளவைக் கெடுக்கும்.

---

டிஸ்ப்ளே கடை | ஞாயிறு, இரவு 9.05

அம்மா, வெட்கமா இருக்கு. ஓஎல்இடி கண்ணாடி மாத்துறப்ப அந்தப் போலரைசரைத் தினம் என் கையாலதான் பிய்க்கிறேன். வெளி வெளிச்சம் உள்ள போய்ப் பளபளன்னு திரும்பி வரக் கூடாதுன்னுதான் அதை ஒட்டியிருக்காங்கன்னும் தெரியும். சென்சார் அதுக்கு அடியில உட்கார்ந்திருக்குன்னா, பல்பு வெளிச்சம் அது வழியா வந்துதானே ஆகணும்! புத்தி போகலை பாருங்க.

டப்பாவுல கிடந்த பழைய எல்சிடி போனுக்கு பேட்டரி போட்டு அளந்தேன். பாதுகாப்புத் தாள் எல்லாம் ஏற்கெனவே உரிச்சாச்சு. பல்பு அதே இடம், இதுலயும் 1010 வர்ற மாதிரி உயரத்தை அரை இன்ச் சரி பண்ணினேன்.

ஒரு ஷீட்: 425. சுத்திப் பார்த்தேன், 425-தான், ஒண்ணு ரெண்டு கூடக்குறைய.
ரெண்டு ஷீட் ஒரே திசையில: 358.
ரெண்டு ஷீட் குறுக்க: 1. சில நேரம் 0.
குறுக்க இருக்கிற ரெண்டுக்கும் நடுவுல 45 டிகிரியில ஒண்ணு: 73.

பாதின்னா 505 வரணுமே அம்மா, 425 ஏன்? அப்புறம் அந்த 73?

---

ஓய்வுபெற்ற லேப் அக்கா | திங்கள், காலை 6.45

இவ்வளவு சுத்தமான அளவுகளை என் லேபில் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தால் யாரைப் பார்த்துக் காப்பி அடித்தாய் என்று கேட்பேன்!

முதலில் வேலியைப் பிடுங்கிப் போடுகிறேன், சைக்கிள் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த உதாரணம் இரண்டு இடத்தில் வழி தவற வைக்கும். ஷீட்டுக்குள் இருப்பது பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக். அதை ஒரே பக்கமாக இழுத்து நீட்டி அயோடினில் தோய்க்கிறார்கள். எட்வின் லேண்ட் 1938-இல் கண்ட முறை, இன்றும் எல்சிடி ஷீட்டுகளின் அடிப்படை அதுதான். நீளவாக்கில் அணிவகுத்து நிற்கும் அயோடின் சங்கிலியோடு எலெக்ட்ரான்கள் ஓட முடியும். ஒளியின் மின்புலம் அந்தச் சங்கிலியின் திசையிலேயே ஆடினால் எலெக்ட்ரான்கள் அதை வாங்கிக்கொண்டு வெப்பமாக்கிவிடும். சங்கிலிக்குக் குறுக்கே ஆடுவதுதான் தப்பித்து வெளியே வரும். வேலி உதாரணத்துக்கு நேர் தலைகீழ். இது முதல் கோளாறு.

இரண்டாவதுதான் பெரியது. வேலி என்றதும் "ஏற்கெனவே நெட்டுக்குத்தாக இருந்த அலைகளை மட்டும் விடும், மற்றதை நிறுத்தும்" என்று சல்லடை போல நினைத்துவிடுகிறோம். ஷீட் சல்லடை இல்லை. சாய்வாக வரும் ஒளியையும் அது முழுக்க நிறுத்துவதில்லை. அதில் தன் திசைக்கு உரிய பங்கை மட்டும் எடுத்து, தன் திசையிலேயே வெளியே அனுப்புகிறது. வெளியே வரும் ஒளிக்குத் தான் முன்பு எந்தப் பக்கம் ஆடினோம் என்பதே மறந்துபோகும்.

உங்கள் கடை மேசை டிராயரை நினைத்துக்கொள்ளுங்கள். நேராக இழுத்தால் முழு பலமும் டிராயருக்குப் போகிறது. பக்கவாட்டில் இழுத்தால் அசையாது. சாய்வாக, 45 டிகிரியில் இழுத்தால்? டிராயர் வரும், ஆனால் சாய்வாக வராது, தன் தடத்தில் நேராகத்தான் வரும். உங்கள் இழுப்பில் அதற்குக் கிடைப்பது சுமார் 0.7 பங்கு, மீதியைத் தடம் வாங்கிக்கொள்கிறது. அந்த 0.7-தான் காஸ் 45. வெளிச்சத்தின் அளவோ இழுப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது: 0.7 பெருக்கல் 0.7, கிட்டத்தட்ட பாதி. காஸ் ஸ்கொயர் தீட்டா என்று மகள் சொன்னது இவ்வளவுதான். ஓஎல்இடி போனில் உங்களுக்கு வந்த 850, 640, 430, 210, 5 இருக்கிறதே, அது 0, 30, 45, 60, 90 டிகிரிக்கு வர வேண்டிய கணக்கு. தெரியாமலே மாலஸ் விதியைச் சரிபார்த்துவிட்டீர்கள். மாலஸ் 1808-இல் பாரிஸில் லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலைச் சூரியனைக் கால்சைட் படிகம் வழியே பார்க்கப்போய் இந்த வேலையில் இறங்கினவர்.

இனி 425. பல்பின் ஒளி எல்லாத் திசையிலும் கலந்து ஆடுகிறது. அத்தனைக் கோணத்துக்கும் காஸ் ஸ்கொயரின் சராசரி எடுத்தால் சரியாகப் பாதி. அதனால்தான் எப்படித் திருப்பினாலும் அளவு மாறவில்லை. ஆனால் அந்தப் பாதி குறையே இல்லாத ஷீட்டுக்கு. உங்கள் ஷீட் தன் சொந்தத் திசையில் வரும் ஒளியையே நூற்றுக்கு 84தான் விடுகிறது. மீதி 16-இல் ஏறக்குறைய எட்டு, இரண்டு பரப்பிலும் பட்டுத் திரும்பிப் போவது. மற்றதை உள்ளே இருக்கும் பொருள் தின்கிறது. 505-இல் 84 சதவீதம் எவ்வளவு? 424. உங்களுக்கு வந்தது 425. அடுத்த ஷீட்டை ஒரே திசையில் வைத்தால் மறுபடி 84 சதவீதம், 357. வந்தது 358. ஓஎல்இடி போனில் முதலில் 1010, 850 ஆனதே, அதுவும் இதே 84. அதைப் பார்த்துத்தான் ஷீட் நல்லது என்று முதல் நாளே சொன்னேன்.

இப்போது பூட்டு. 425 முதல் ஷீட்டின் திசையில் வருகிறது. நடு ஷீட் 45 சாய்வு: பாதி, அதிலும் 84 சதவீதம், 178. அந்த 178 இப்போது 45-இல் ஆடும் ஒளி, பழைய திசை செத்துப்போயிற்று. கடைசி ஷீட்டுக்கு அது 90 டிகிரி அந்நியன் இல்லை, 45 டிகிரிதான். மறுபடி பாதி, மறுபடி 84 சதவீதம்: 75. நீங்கள் அளந்தது 73.

நடு ஷீட் வெளிச்சத்தைக் கூட்டவில்லை தம்பி. அதுவும் தின்னத்தான் செய்தது. தின்றுவிட்டு மிச்சத்தைத் திருப்பிவிட்டது.

இன்று இரவு ஒரு வேலை: நடுவில் ஒன்றுக்குப் பதில் இரண்டு துண்டு, 30-இலும் 60-இலும் வைத்துப் பாருங்கள். எவ்வளவு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். மகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு அளந்துகொள்ளுங்கள்.

---

கறுப்பு வெள்ளை (ஜீவன் பீமா நகர்) | திங்கள், பகல் 1.30

கல்யாணப் படம் எடுப்பவன். குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். 1010-இல் 425, அதாவது 42 சதவீதம்தான் மிஞ்சும் என்பது எங்களுக்கு நாள்தோறும் பணக் கணக்கு. லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசரான சிபிஎல் ஃபில்டரை மாட்டினால் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) போச்சு என்று வைத்துக்கொள்வோம், சில ஃபில்டரில் இரண்டு ஸ்டாப். மண்டபத்துக்குள் அதைக் கழற்ற மறந்த அன்று ஐஎஸ்ஓ எகிறிப் படமெல்லாம் மணல் மணலாக வந்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் வெளியே அதை மாட்டுவதே எல்லா வெளிச்சமும் ஒரே அளவில் குறையாது என்பதால்தான். அல்சூர் ஏரிக்கரையில் நின்று சுத்திப் பாருங்கள். ஒரு திருப்பில் தண்ணீர் மேல் வானம் வெள்ளையாகப் படிந்து கிடக்கும், இன்னொரு திருப்பில் அது துடைத்தாற்போல் போய் உள்ளே மிதக்கும் பாசி தெரியும். கரை மரங்கள் இரண்டு திருப்பிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. கண்ணைக் கூசவைப்பதை மட்டும் அது எப்படிக் குறிபார்த்து வெட்டுகிறது என்று ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தேன்.

---

ஓய்வுபெற்ற லேப் அக்கா | திங்கள், மாலை 5.10

தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, அதனால்தான். தண்ணீருக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதிலிருந்து 53 டிகிரியில் பார்த்தால், திரும்பி வரும் ஒளி முழுக்கப் படுக்கைவாட்டில் மட்டும் ஆடும். ப்ரூஸ்டர் கோணம் என்பது அது, கண்ணாடிக்கு 56. உங்கள் ஃபில்டரை நெட்டுக்குத்தாக வைத்தால் அதற்குக் காஸ் 90, அதாவது பூஜ்யம். மரத்தின் ஒளி பெரும்பாலும் கலப்படமானது, அதற்குப் பாதி நஷ்டத்தோடு முடிந்தது. சிபிஎல்லில் பின்னால் ஒரு கால்அலைத் தகடு கூடுதலாக இருக்கும், அது கேமராவின் ஃபோகஸ் குழம்பாமல் இருக்க. வெட்டுகிற வேலை முன்னால் இருக்கும் சாதாரண ஷீட்டுடையது.

நீங்கள் ஏரிக்கரையில் செய்ததைக் கப்பல் தட்டில் நின்று செய்தவர் நம் ஊர்க்காரர் ஒருவர். 1921 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பும்போது சி.வி. ராமன் கையில் ஒரு நிக்கோல் பட்டகம் வைத்திருந்தார். அதுவும் போலரைசர்தான், ஷீட் பிறக்காத காலத்துக் கல் போலரைசர். கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்று விஞ்ஞானி ராலே சொல்லியிருந்தார். ராமன் ப்ரூஸ்டர் கோணத்தில் அந்தப் பிரதிபலிப்பைப் பட்டகத்தால் அணைத்துவிட்டுப் பார்த்தார். கடல் வெளுக்கவில்லை, இன்னும் நன்றாக நீலமாகத் தெரிந்தது. அப்படியானால் நீலம் தண்ணீருக்கு உள்ளேயிருந்து சிதறி வருகிறது! பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே நேச்சர் இதழுக்குக் கடிதம் போட்டார். பின்னாளில் இதே பெங்களூரில் அவர் தொடங்கிய நிறுவனத்தில்தான் அவருடைய சகோதரி மகன் பஞ்சரத்னம் 1956-இல், இப்படி ஒளியின் ஆட்டத் திசையைப் படிப்படியாக மாற்றி முதல் நிலைக்கே கொண்டுவந்தால் அதன் கட்டத்தில் (அலையின் ஏற்ற இறக்க நிலையில்) ஒரு மாற்றம் மிஞ்சும் என்று காட்டினார். அதை இங்கே இழுத்தால் டிஸ்ப்ளே தம்பி கடையைச் சாத்திவிட்டு ஓடிவிடுவார், வேண்டாம்.

---

அல்சூர் சைக்கிள் | திங்கள், மாலை 6.02

வேலி வாபஸ். ஆனா ஒரு டவுட். நடுவுல ரெண்டு வெச்சா ஒண்ணை விட நல்லா வரும்னா, பத்து வெச்சா இன்னும் நல்லா வருமே? பத்துப் பத்து டிகிரியா சாய்ச்சுக்கிட்டே போனா?

---

ஓய்வுபெற்ற லேப் அக்கா | திங்கள், மாலை 6.30

விடையைப் போட்டு உடைத்துவிட்டீர்களே!

குறையில்லாத ஷீட்டாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. முதல் ஷீட்டுக்குப் பிறகு பத்து பத்து டிகிரியாக ஒன்பது ஷீட் வைத்தால், ஒவ்வொன்றிலும் 97 சதவீதம் தப்பும், கடைசியில் முதல் ஷீட் கொடுத்ததில் 76 சதவீதம் வெளியே வரும். ஆனால் கடையில் கிடைக்கும் ஷீட் ஒவ்வொன்றும் 84 சதவீத வரி பிடிக்கிறதே. தப்பு, 16 சதவீத வரி. ஒன்பது முறை வரி கட்டினால் கையில் நிற்பது 16 சதவீதம்கூட இல்லை. நடுவில் ஒரே ஒரு ஷீட் வைத்தால் வரும் 17.6-ஐ விடக் குறைவு. இந்த ஷீட்டுக்கு நடுவில் மூன்று என்பதுதான் உச்சம், அதற்கு மேல் இறங்குமுகம்.

---

டிஸ்ப்ளே கடை | திங்கள், இரவு 10.20

பொண்ணு 106 வரும்னு பேப்பர்ல எழுதி மடிச்சு டப்பாவுல போட்டுட்டா. 30-ஐயும் 60-ஐயும் ஸ்கூல் கோணமானியை வெச்சு நிறுத்தி அளந்தேன். 102. நடுவுல ஒண்ணு இருந்தப்ப 73, ரெண்டு வெச்சா 102! கண்ணுக்கே வித்தியாசம் தெரியுது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் ரெண்டு தடவை துண்டை உருவிப் பார்த்துட்டு, "அண்ணா, இதுல பேட்டரி இருக்கா?"ன்னான்.

தின்கிற பாதி எங்க போகுதுன்னும் இப்பத்தான் உறைச்சுது. பேக்லைட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பின்பக்க ஷீட்டுக்கு அதுதான் தினச் சாப்பாடு. சில பேனல்ல பின்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளன்னு ஒரு ஷீட் வரும். அது எதுக்குன்னு தெரியாமலே இத்தனை வருஷம் துடைச்சுத் துடைச்சுத் திரும்பப் போட்டிருக்கேன். தப்பான திசையில வர்ற வெளிச்சத்தைத் தின்ன விடாம பேக்லைட்டுக்கே திருப்பி அனுப்புறது அதுதானா அம்மா?

---

ஓய்வுபெற்ற லேப் அக்கா | செவ்வாய், காலை 6.15

அதேதான். திரும்பிப் போன ஒளி உள்ளே முட்டி மோதித் திசை கலைந்து மறுபடி வரும், அப்போது ஒரு பங்கு தேறும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டிவியை மூடினால் படம் வரும், ஆனால் மங்கலாக வரும்.

---

டிஸ்ப்ளே கடை | செவ்வாய், இரவு 9.50

தூக்கிப் போட்டதில்லைம்மா, சத்தியமா.

அந்த 32 இன்ச் டிவிக்குச் சரியான டிகிரி ஒட்டி இன்னிக்குக் கொடுத்தாச்சு. நியூஸ் அம்மாவுக்கு முடி கறுப்பு. இப்ப கடைச் சுவத்துல கண்ணாடித் துண்டு ஒண்ணைத் தொங்கவிட்டு, மேல ஸ்கெட்ச் பேனாவால அம்புக்குறி போட்டிருக்கேன். புது ஷீட் வந்தா பையன் ஓரத்துல ஒரு துணுக்கு வெட்டி, ரெண்டு பக்கத் தாளையும் உரிச்சு, அந்தத் துண்டு மேல வெச்சுப் பார்த்துட்டுத்தான் ஒட்டணும். இருட்டினா தொண்ணூறு, இருட்டலைன்னா ஜீரோ. பாதி மாதிரி இருந்தா நாப்பத்தஞ்சு, என்னைக் கூப்பிடணும்.

இன்னிக்கு மட்டும் நாலு தடவை கூப்பிட்டான். அதுல மூணு தடவை துணுக்கைச் சாய்வாப் பிடிச்சிருந்தான்.